திங்கட்கிழமைத் தயிர்

தேனிக்குக் கிழக்கே, அந்தச் சின்ன ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலுச்சாமிக்கு வாய் ஓயாது. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துர்றேன், ரயிலைக் கொஞ்சம் நிப்பாட்டி வைங்க" என்பவருக்கும் அலுக்காமல் பதில் சொல்லுவார். திங்களும் சனியும் மட்டும் ஈ ஓட்டுவார். அன்று கிழக்கே சூலம். மதுரையோ கிழக்கே இருக்கிறது. எந்தத் துரை ரயில் விட்டால் என்ன, சூலத்துக்கு எதிரே போக அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

இதெல்லாம் ரயில் கம்பெனிக்குத் தெரியுமா? காகிதம் வந்தது. திங்களன்று அதிகாரி வருவார். கூட்டமில்லை என்றால் டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு வேலுச்சாமியை மலபாருக்கு மாற்றிவிடுவார்கள். சொந்த வீட்டையும் நாலு எருமையையும் விட்டுப் போவதா? மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"சூலத்துக்குத்தேன் பரிகாரம் இருக்குல்ல. ஒரு வாய் தயிரு குடிச்சிட்டுக் கெளம்பச் சொல்லுங்க" என்றாள் மனைவி கஸ்தூரியம்மாள்.

பரிகாரம் எல்லாருக்கும் தெரியும். தயிர்தான் எல்லார் வீட்டிலும் இல்லை.

திங்கட்கிழமை ஜன்னலோரம் தயிர்ப்பானை ஏறியது. டிக்கெட்டுக்கு ஒரு கரண்டி. ஊரே திரண்டு வந்தது. சோணையம்மாள் சொம்போடு வந்து, "எனக்கு டிக்கெட்டு வேணாம்யா, தயிரு மட்டும் ஊத்துங்க" என்றாள்.

"டிக்கெட்டு எடுத்தாத்தேன் தயிரு, ஆத்தா" என்றார் வேலுச்சாமி. அவள் நகரவில்லை.

மேற்கே போகும் வண்டியில் வந்து இறங்கிய அதிகாரி, பிசுபிசுத்த டிக்கெட்டுகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது ஸ்டேஷனா, மோர்ப்பந்தலா?"

"சூலத்துக்குங்க, சார்."

"படிச்ச மனுஷன் பேசுற பேச்சாய்யா இது?"

வரிசையை எண்ணி என்னவோ எழுதிக்கொண்டே இருந்தார். வேலுச்சாமிக்கு மலபார் மழை அப்போதே தலையில் கொட்டுவது போல இருந்தது.

மதுரை வண்டி வந்து நின்றது. அதிகாரி நாலடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து ஜன்னலுக்குள் மெதுவாகக் கையை நீட்டினார். "நானும் கிழக்கதானய்யா போகணும்."

வேலுச்சாமி கரண்டியை எடுத்ததும், பின்னாலிருந்து சோணையம்மாள் கேட்டாள்: "அவுக டிக்கெட்டு எடுத்தாகளா? எனக்கொரு ஞாயம், அவுகளுக்கொரு ஞாயமா?"

வரிசை முழுவதும் அதிகாரியைப் பார்த்தது. வண்டி ஊதியது. பையில் இலவசப் பாஸ் வைத்திருந்த அந்த மனிதர், துட்டு கொடுத்து மதுரைக்கு ஒரு டிக்கெட் வாங்கினார்.

தயிரைக் குடித்துவிட்டு வண்டிக்கு ஓடினார். அந்த ஜன்னலை யாரும் மூடவில்லை.