ஒரே மாதிரி ஐந்து தட்டுகள்

லிஃப்ட்காரர் என்றால் அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். லிஃப்ட் வந்து நிற்கும் இடத்துக்கும் தரைக்கும் ஒரு விரல்கடை வித்தியாசம் இருந்தாலும் யாரோ ஒருவர் தடுக்கி விழுவார் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். ஓய்வு பெற்ற பிறகும் அது அவரை விடவில்லை. மேஜை லேசாக ஆடினால்கூடச் சாப்பிட உட்கார மாட்டார்.

அவர் மனைவிக்கு இரண்டு வருஷமாகப் பார்வை குறைந்துகொண்டே வந்தது. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். சமையலை மகள் எடுத்துக்கொண்டாள். கடைக்குப் போவதை அவர் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு மிஞ்சியது துணி மட்டும்தான். சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் வைத்த ஒடுக்கமான அறை. அதற்குள் அவள் தடுமாறியதே இல்லை. துணியைத் தொட்டதும் யாருடையது என்று சொல்லிவிடுவாள். சோப்புத் திரவம், கஞ்சி, பிளீச் எல்லாம் மூலையில் தரையோடு குவிந்து கிடக்கும்.

“காலு இடறுது. இரு, உனக்கு ஒரு அலமாரி அடிச்சுத் தரேன்” என்றார் அவர்.

“கண்ணு நல்லா இருந்தப்ப கேட்டேன், உங்களுக்குக் காது கேக்கல. இப்ப எதுக்கு?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான்கு நாள் வேலை. பிளைவுட்டை அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் கன்னம் போல வழவழப்பாகத் தேய்த்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சுவரில் துளை போட்டார். ஐந்து தட்டு, தட்டுக்குத் தட்டு இடைவெளி ஒரு நூல் பிசகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பழைய டப்பாக்கள் கண்ணை உறுத்தின. ஒன்று நசுங்கியது, ஒன்று கைப்பிடி உடைந்தது, ஒன்றுக்கு மூடியே கிடையாது, பிளாஸ்டிக் கவரைக் கட்டியிருந்தாள். அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு, ஒரே அளவில் ஐந்து வெள்ளை கேன் வாங்கி, தட்டுக்கு ஒன்றாக ஊற்றி வைத்தார்.

“எப்படி இருக்கு?”

அவள் விளிம்பைத் தடவினாள். “வழவழன்னு இருக்குங்க” என்றாள்.

மூன்றாம் நாள், மகளின் கருநீல ஆபீஸ் சீருடை வெள்ளைத் திட்டுத் திட்டாக வெளியே வந்தது. இரண்டாம் தட்டில் இருந்தது சோப்பு, மூன்றாம் தட்டில் பிளீச். தாய் கை மாறி எடுத்துவிட்டாள்; அவளுக்கு அன்று பார்த்துக் கடும் ஜலதோஷம், மூக்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “அம்மா, இனிமே துணியெல்லாம் வெளிய சலவைக்குப் போட்டுக்கலாம். இந்த மெஷின யாருக்காவது குடுத்துரலாம். நீ அந்த ரூமுக்குப் போக வேணாம். இன்னிக்குத் துணி, நாளைக்குக் கையில ஊத்திக்கிட்டா?” என்றாள்.

“சரிம்மா” என்றாள் தாய். அன்று முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்த துண்டுகளைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் லிஃப்ட்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “எண்ணிப் பாத்து எடுத்திருக்கலாமே? மேல இருந்து ரெண்டாவது, அவ்ளோதான.”

“நசுங்குனது சோப்பு. கைப்பிடி இல்லாதது பிளீச். நான் எதுக்கு எண்ணணும்?” கை துண்டிலேயே இருந்தது. “குடிவந்த புதுசுல, மாடி மாறி இறங்கி, அடுத்தவங்க வீட்டு மணிய அடிச்சிட்டு, ‘ஏன் கதவத் தொறக்க இவ்ளோ நேரம்’னு அந்தாளத் திட்டுனேனே, ஞாபகம் இருக்கா? எல்லா மாடியும் ஒண்ணு போல இருந்தா எப்படிங்க தெரியும்?”

அவருக்கு, லிஃப்ட் பொத்தான்களின் ஓரத்தில் பார்வையற்றவர்களுக்காக மேடாக இருக்கும் புள்ளிகள் நினைவுக்கு வந்தன. ஆயிரக்கணக்கில் மாட்டியிருக்கிறார். ஒரு நாளும் விரல் வைத்துப் பார்த்ததில்லை. குவியலாகக் கிடந்த அந்த மூலையில் அவளுக்குப் பார்வை இருந்தது. அதைத்தான் சுத்தம் செய்து குப்பையில் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அரத்தை எடுத்தார். தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய விளிம்பில் வெட்டுப் போட ஆரம்பித்தார். முதல் தட்டில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. அவள் பக்கத்தில் நின்று கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

“இன்னும் ஆழமா.”

“பலக அசிங்கமாயிரும்.”

“யாரு பாக்கப் போறா? நானா?”

அவர் ஆழமாக வெட்டினார். பிளீச் கேனை அடித்தட்டுக்கு மாற்றி, அதன் கழுத்தில் முரட்டுக் கயிறு சுற்றினார். அந்தத் தட்டு தனியாக இருக்கட்டும் என்று அவள் சொன்னதால், அடித்தட்டைக் கழற்றி இன்னும் ஒரு சாண் கீழே இறக்கினார். ஐந்து தட்டும் இப்போது ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ரசமட்டத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

மெஷினைக் கொடுக்கும் பேச்சை மகள் அதன்பின் எடுக்கவில்லை. ஒரு வாரம் தன் துணியைத் தானே குளியலறையில் அலசிக்கொண்டாள். ஒன்றிரண்டு முறை கதவோரம் நின்று, அம்மாவின் விரல் வெட்டுகளில் நின்று நின்று போவதைப் பார்த்தாள்.

எட்டாம் நாள் வேலையிலிருந்து வந்தவள், ஒரு துணியைக் கூடையில் போட்டுவிட்டு நகர்ந்தாள். தாய் அதை எடுத்துக் காலரைத் தடவினாள்.

“புது சீருடையா?”

“ம்.”

“பாக்கெட்ல பேனா இருக்கு. வந்து எடுத்துக்கோ. அப்புறம் என்னச் சொல்லாத.”