பதிவாக மறுத்த கேசட்

நாங்கள் குடியிருப்பது பூந்தமல்லி. டி.வி.யில் வரும் பழைய குட்டிக் கார்ட்டூன்களை வீடியோ கேசட்டில் பதிவு செய்து சேர்ப்பதில் எனக்கு அப்படியொரு பைத்தியம்.

ஒரு ஞாயிறு காலை கார்ட்டூன் தொடங்கிவிட்டது. அவசரத்தில், அலமாரியிலிருந்த பெயர் எழுதாத கேசட்டைச் செருகினேன். பதிவாகவில்லை. உள்ளே பதிந்திருப்பது அழியாமல் காப்பதற்காக அதன் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் வில்லையை யாரோ உடைத்திருந்தார்கள். ஓட்டையை அடைத்தால் பதிவாகும் என்று தெரியும்; அதன் மேல் செல்லோடேப் ஒட்டிப் பதிவு செய்துவிட்டேன்.

மறுபடி பார்க்கலாமென்று முதலுக்குச் சுற்றியபோது, மாடி வீட்டு நூர்ஜஹான் கைக்குழந்தையுடன் வந்தாள்.

"அக்கா, துபாய்லேர்ந்து அவுரு பேசி அனுப்பின கேசட்டு உங்க ஊட்லதான் கீது. நேத்து நீங்க இல்லாதப்ப உங்க ஊட்டுக்கார அண்ணன் போட்டுக் காட்டினாரு. இன்னொரு வாட்டி போடுறீங்களா? பாப்பாவுக்கு அத்தாவைக் காட்டணும்."

நான் செருகிய கேசட் அதுதான். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் கணவர் ஊருக்கு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் குழந்தையோடு டி.வி. முன் உட்கார்ந்தாள்.

வேகமாக ஓட்டினால் டேப் சிக்கிவிடுமோ என்று பயந்து, அப்படியே ஓடவிட்டோம். கரடி ஒன்று தேனீக்களிடம் கொட்டு வாங்கி ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சில நிமிடங்கள் முடிவதாகவே இல்லை. திடீரென்று படம் நடுங்கி, அவர் முகம் வந்தது.

"பாப்பா, அத்தாவைப் பாரும்மா" என்றார்.

"மொதல்ல காட்டின ரோடும் அவுரு ரூமும்தாங்கா போச்சி. பேசுறது முழுசா கீது" என்று சொல்லி நூர்ஜஹான் அழுதுவிட்டாள்.

இப்போது எந்தக் கேசட் வீட்டுக்குள் வந்தாலும், யாருடையது என்று பேனாவால் எழுதிய பிறகுதான் அலமாரியில் வைக்கிறேன்.