எந்த வீட்டு ஆள்

அரிசி ஆலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். தவிட்டுத் தூசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இனியும் ஆலைக்குள் நின்றால் மூச்சு மிஞ்சாது என்றார் டாக்டர். விட்டுவிட்டேன்.

வேலை இல்லாதவனுக்கு மாதாமாதம் அரசாங்கம் காசு கொடுக்கும் நாடுகள் இருக்கின்றனவாம். இங்கே அது இல்லை. முதலாளி நம் பெயரில் கட்டிவந்த நிதி மட்டும்தான் உண்டு. வேலையை விட்டால் விண்ணப்பம் போட்டு எடுக்கலாம். அதை எடுத்து, மீன் பெட்டி கட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க நினைத்தேன். தெருத் தெருவாக மீன் விற்றால் வெளிக்காற்றாவது கிடைக்கும். சாய்ந்தமருதில் ஒருவர் விற்க வைத்திருந்தார். விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுத்துண்டைக் காட்டினால் காசு வரும்வரை பொறுப்பேன் என்றார். துண்டைக் கொண்டுவர ஒரு மாதத் தவணை தந்தார்.

முதலாளி ஒரே நாளில் கையெழுத்து வைத்தார். மிச்சம் வதிவிடச் சான்று. கிராம சேவகர், எங்கள் வாயில் ஜி.எஸ்., எழுதித் தரவேண்டும். அரை மணித்தியால வேலை என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் மருதமுனையிலிருந்து கல்முனைக்குடிக்கு ஒரு பெட்டியோடு வந்தவன். அடையாள அட்டையில் இன்னும் நான் பிறந்த உம்மா வீட்டு விலாசம். மாற்றவில்லை. யார் மாற்றுகிறார்கள்?

கல்முனைக்குடி ஜி.எஸ். வீட்டு ஆட்களின் பட்டியல் உள்ள பெரிய கொப்பியைப் புரட்டிவிட்டு, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

"காக்கா, இந்த வீட்டில உங்கட பேர் இல்ல."

"பொண்டாட்டிர பேர்?"

"இரிக்கி. புள்ளைகள்ற பேரும் இரிக்கி. நீங்கதான் இல்ல. அட்டையில மருதமுனைதானே, அங்க எடுங்க."

மருதமுனைக்குப் போனேன். உம்மா வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்ப் பதினான்கு வருடம். அங்கே ஜி.எஸ். ஒரு பெண். பட்டியலைப் பார்த்தார். என் பெயர் வெட்டியிருந்தது.

"எத்தின வருசமா இஞ்ச இல்ல?"

"பதினேழு."

"எங்க இரிக்கீங்க?"

"கல்முனைக்குடியில."

"அப்ப அங்க எடுங்க."

பெயரை வெட்டியது தங்கச்சியின் மாப்பிள்ளை. கேட்டேன்.

"மச்சான், வீட்டில இரிக்கிற ஆக்கள்ற பேர மட்டும் போடச் சொன்னாங்க. நீங்க இரிக்கீங்களா?"

சரியாகத்தான் செய்திருக்கிறான். என் மனைவியோ, நான் உம்மா வீட்டுப் பட்டியலில் இருக்கிறேன் என்று நினைத்து, வருடா வருடம் என்னை விட்டுவிட்டே படிவம் நிரப்பியிருக்கிறாள். போன தேர்தலில் எனக்கு வாக்கு அட்டை வரவில்லை. அலைச்சல் மிச்சம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

மூன்று தரம் அங்கும் இங்கும் பஸ் ஏறினேன். ஒரு நாள் ஜி.எஸ். வெளியே. ஒரு நாள் அவருக்குக் கூட்டம். ஒரு நாள் "புதன்கிழமை வாங்க." சாய்ந்தமருதிலிருந்து போன் வந்தது.

"காக்கா, வேற ஆக்கள் கேக்காங்க. வெள்ளிக்கிழமையோட தவணை முடியிது, ஜும்ஆக்குப் பொறகு நான் குடுத்துருவன்."

புதன்கிழமை போய்க் கல்முனைக்குடி ஜி.எஸ்.ஸின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். எழும்பவில்லை. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார்.

"வீட்டுக்காரர்ட கடிதம் ஒண்டு கொண்டாங்க. நீங்க அங்க இரிக்கிற எண்டு."

வீட்டுக்காரர் யார்? வீட்டு உறுதிப் பத்திரம் மனைவியின் பெயரில். குசினிக்குப் போனேன். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதித் தரணுமா, நீங்க இஞ்ச இரிக்கீங்க எண்டு?"

"ஓம்."

"வாடகைக்கு எண்டு போடவா, சும்மா எண்டு போடவா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இரிக்கார் எண்டு மட்டும் போடு."

"தேங்காயைத் துருவித் தாங்க. எழுதுறன்."

துருவிக் கொடுத்தேன். பிள்ளையின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதினாள். பதினேழு வருடமாக என் வீட்டில் வசிக்கிறார். நல்லவர். அந்தக் கடைசிச் சொல்லை வெட்டச் சொன்னேன். வெட்டமாட்டேன் என்றாள்.

போட்டோக்கொப்பி எடுத்து ஒரு பிரதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிப் போனேன். ஜி.எஸ். கடிதத்தை வாசித்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். சான்றை எழுதிச் சீல் குத்தினார். இரண்டு நிமிடம். இதற்குத்தான் நாலு வாரம் அலைந்தேன்.

வியாழக்கிழமை விண்ணப்பத்தைக் கொடுத்துத் துண்டை வாங்கினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு சாய்ந்தமருதுக்குப் போனேன். அவர் துண்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பெயர் மாற்றும் பத்திரத்தை எடுத்தார்.

"விலாசம் என்ன போடுற?"

சட்டைப்பையிலிருந்து பிரதியை எடுத்து நீட்டினேன். மெதுவாக வாசித்தார்.

"நல்லவர் எண்டும் போட்டிரிக்கே. யாரு எழுதின?"

"வீட்டுக்காரர்."

"அப்ப வேற ஆக்களுக்குக் குடுக்கல்ல, சைக்கிள் உங்களுக்கே இரிக்கட்டும் காக்கா. காசு வந்தா வாங்க."