பந்துக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள்

எங்கள் ஊரில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். வாழைப்பழச் சீப்பு, ஒரு தட்டில் மஸ்கட் என்கிற இனிப்பு, முன்னால் நடக்க ஊரறிந்த ஒரு பெரிய மனிதர். பையன் வீட்டார் அந்த மஸ்கட்டைப் பக்கத்து வீடுகளுக்குப் பகிர்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. இந்த வழக்கத்தில் எனக்குப் பெரிதாகக் குறை எதுவும் இருந்ததில்லை, தலைநகரத்துக் கல்லூரிக்காரர்கள் என் தம்பியைக் கேட்டு வரும் வரைக்கும்.

கல்முனைக்குடிக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்தடித்துப் பழகியவன் அவன். மணலில் ஓடிய கால் புல்லில் இறங்கினால் பிடிக்க ஏலாது என்பார்கள்; மாவட்டப் போட்டியில் அது உண்மையாகிவிட்டது. ஆனால் பந்து அவனுக்கு மாலை நேரத்து விசயம்தான். அவனுக்கு நில அளவையாளராக வேண்டும். வாப்பாவோடு வட்டைக்குப் போகும்போதெல்லாம் வயல் வரம்புகளை அடி வைத்து அளந்துகொண்டு திரிவான். நான் கணிதம் படிப்பிக்கிறவள். சாதாரணதரத்தில் அவன் எடுத்த பெறுபேற்றைப் பார்த்து, உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்கு இவனைத் தள்ளிவிடத் தேவையில்லை, தானாகவே போவான் என்று நினைத்திருந்தேன்.

கல்லூரியின் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் வந்த அன்று அவருக்கு முன்னால் நடந்து வந்தவர் எங்கள் மாமா, உம்மாவின் கூடப்பிறந்தவர். மாமாவின் கையில் மஸ்கட் தட்டு. தட்டுக்குப் பக்கத்தில் புதுப் பூட்ஸ் பெட்டி ஒன்று. ஆள் எங்கள் வழக்கத்தை யாரிடமோ நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். வாப்பாவை அண்ணன் முறை வைத்து வாய்க்கு வாய் காக்கா, காக்கா என்றார். கணிதப் பிரிவில் இடம் உண்டு, விடுதி இலவசம், ஹலால் சாப்பாடு, ஜும்ஆவுக்குப் போகத் தடையில்லை, படிப்பு முடிந்தால் வங்கி அணியொன்றில் வேலை என்று அடுக்கினார். உம்மா தொழுகையைப் பற்றிக் கேட்டார். வாப்பா பெருநாளைக்குப் பிள்ளையை அனுப்புவீர்களா என்று கேட்டார். இரண்டுக்கும் அவர் தலையாட்டினார்.

நான் கதவோரம் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“விளையாடக்குள்ள கால்ல ஏதும் பட்டா ஆர் பாக்கிற?”

பயிற்றுவிப்பாளர் சிரித்தார். “அதெல்லாம் பொறகு பேசுவோம் தங்கச்சி.”

மாமா என் பக்கம் திரும்பிய முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. “மாப்புள கேட்டு வந்த இடத்துல மையத்து வீட்டுக் கதையா புள்ள?” என்றார். உம்மா தேநீர் ஊற்றவென்று என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் மஸ்கட் துண்டு துண்டாகி, சின்னத் தட்டுகளில் ஏறி, தெரு முழுக்கப் போய்விட்டது.

தம்பி அங்கே போன முதல் மாதத்திலேயே கணித வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் விழுந்தன. கலைப் பிரிவுக்கு மாறினால் சுகம் என்றார்கள். அவன் மாட்டேன் என்றான். மாறாவிட்டால் அணியில் இடமில்லை, அணியில் இல்லாதவனுக்கு விடுதியில் இடமில்லை என்றார்கள். மாறினான். இதை அவன் அப்போது எங்களிடம் சொல்லவில்லை. வாப்பா கொடுத்த வாக்குக்குக் குறை வரக்கூடாதாம். வாக்கு கொடுத்தவர் வாப்பா, காப்பாற்றியவன் பதினாறு வயதுப் பிள்ளை, வாங்கிக்கொண்டவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் அவன் உயர்தரச் சோதனை எழுத வேண்டியது. இந்த முறை எழுதாதே, எழுதினால் நீ பழைய மாணவன், தள்ளிப் போட்டால் இன்னொரு பருவம் விளையாடலாம் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தை இவர்களுக்கு ஒரு கிண்ணத்துக்காகக் கேட்க முடிகிறது. அதைக் கேட்டவர்களும் படித்தவர்கள்தான், கழுத்துப்பட்டி கட்டியவர்கள்தான்.

அந்தப் பருவத்தில் முழங்கால் திரும்பியது. வீங்கிய காலில் ஊசி போட்டு, பட்டி சுற்றி, அடுத்த போட்டியில் இறக்கினார்கள். அதில் மூட்டு நார் முழுதாக அறுந்தது. புதிய பிள்ளைகள் வருகிறார்கள், விடுதிக் கட்டில் தேவை என்றார்கள். ஒரு நாள் அஸர் தொழுகை நேரம் தம்பி பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை இழுத்தபடி வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகு அவன் தெருவில் இறங்கவில்லை. தன் நடையை ஊர் பார்க்கக் கூடாது என்று அறைக்குள்ளேயே கிடந்தான்.

மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பினால்கூடப் பள்ளிவாசலில் மரைக்காயர்மார் கூடி ஏன் என்று கேட்பார்கள். காதியார் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பார். என் தம்பியைத் திருப்பி அனுப்பியதற்கு எந்தக் காதியாரிடம் போவது? நான் கல்லூரிக்குக் கதைத்தேன். பயிற்றுவிப்பாளர் எங்கள் ஆள் இல்லை, பழைய மாணவர்கள் வைத்த ஆள் என்றார்கள். பழைய மாணவர்களிடம் கதைத்தேன். பிள்ளையைச் சேர்த்தது நிருவாகம்தானே என்றார்கள். இரண்டு பக்கமும் கை கழுவியாகிவிட்டது. மாமாவிடம் போனேன். அல்லாஹ் நாடியது என்றார். அல்லாஹ்வின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் தட்டைத் தூக்கி வந்த கையை ஒருதரம் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அன்றிலிருந்து மாமா என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எனக்கும் அதில் நட்டமில்லை.

சத்திரசிகிச்சை செய்தால் கால் நேராகும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அரச வைத்தியசாலையில் முறை வரக் காத்திருந்தோம். அப்போதுதான் பயிற்றுவிப்பாளர் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தம்பியின் பழைய ஊர் அணியில் ஒரு கோல்காப்பாளன் இருந்தான், எங்கள் தெருக் கோடியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற ஒரு தாயின் மகன். அவனைக் கதைத்துக் கல்லூரிக்கு வரச் சம்மதிக்க வைத்தால் சத்திரசிகிச்சையைத் தனியார் வைத்தியசாலையில் செய்து தரலாம் என்றாராம். தம்பி, “அவன்ட கால எடுத்து எனக்குப் பூட்டப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். ஒரு ஆளை முடமாக்கிவிட்டு, அந்த முடத்தையே காட்டி அடுத்த ஆளைப் பிடிக்கப் பார்க்கும் புத்தி எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக் கொடுத்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

தம்பி மறுத்தால் என்ன, மாமா இருக்கிறாரே. அவரே முன்னால் நடந்து, அதே மாதிரித் தட்டும் பெட்டியுமாக அந்த வீட்டுக்குப் போனார். கேள்விப்பட்டதும் நான் சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் எழும்பிப் போயிருந்தார்கள். அந்தத் தாயிடம் நடந்தது முழுவதையும் சொன்னேன், ஊசியையும் சொன்னேன். அவர் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒங்கட தம்பிக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்குமா? என்ட புள்ளயும் ஒரு பக்கம் ஏறட்டுமே.”

எனக்குப் பொறாமை என்று நினைத்திருக்கிறார். கோபத்தில் சலாம் கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை ஒரு தட்டு மஸ்கட் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. வீட்டில் யாரும் தொடவில்லை. வந்த தட்டை எங்கள் பக்கம் வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. கொஞ்சம் சீனியாவது போடுவோம். உம்மா மஸ்கட்டை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுச் சீனிப் போத்தலைத் திறந்தார். தம்பி அறையிலிருந்து வந்து தட்டைக் கையில் எடுத்தான்.

“நான் கொண்டு போறன்,” என்றான்.

சீனி போட விடவில்லை. சாரனை மடித்துக் கட்டி, பட்டி சுற்றிய முழங்கால் வெளியே தெரிய, தெரு நடுவால் நடந்தான். கடைக்காரர்கள் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். அவன் வேகம் கூட்டவும் இல்லை, சுவர் ஓரம் ஒதுங்கவும் இல்லை. நான் பின்னாலேயே போனேன். அந்தத் தாய் வாசலுக்கு வந்து தட்டை வாங்கினார். தட்டு வெறுமையாக இருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

“மகன், இந்தக் கால் எப்ப நேராகும்?” என்று கேட்டார்.

“தெரியா மாமி. கூட்டிப் போறவங்ககிட்ட கேளுங்க,” என்றான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. பையை ஏற்றியாயிற்று, கோல்காப்பாளன் கூட்டாளிகளைக் கட்டிப்பிடித்தாயிற்று. பயிற்றுவிப்பாளர் கதவை மூடப் போன நேரத்தில் அந்தத் தாய் வேனுக்குக் குறுக்கே வந்து நின்று, கால் முறிந்தால் யார் பார்ப்பது என்று கேட்டார். தெருவே கேட்கும்படி கேட்டார். இப்ப இதையெல்லாம் கேட்கலாமா என்று மாமா கையைப் பிசைந்தார். அவர் மாமாவைப் பார்க்கவே இல்லை, திரும்பவும் அதையே கேட்டார்.

பயிற்றுவிப்பாளர் சிரித்தார். “அதெல்லாம் பொறகு பேசுவோம் ராத்தா.”

அந்தத் தாய் வேனுக்குள் எட்டி மகனின் பையை இழுத்து இறக்கினார். பூட்ஸ் பெட்டியை இருக்கையிலேயே விட்டுவிட்டார்.

உம்மா எங்கள் வாசல் படலையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். வேன் போன பிறகு மெதுவாக, “நம்மளும் கேட்டிரிக்கலாம்,” என்றார்.

பெற்ற தாய், மனது நோகும் என்று தெரியும். ஆனாலும் எனக்கு அடக்க முடியவில்லை. “நான் கேட்டேன் உம்மா,” என்றேன். “நீங்கதான் என்னக் குசினிக்குள்ள கூப்பிட்ட.”