தீர்த்தமலையில் ஒரு பொம்மைக்காரர்

நாற்பது வருடங்களுக்கு முன்பு, தீர்த்தமலைத் திருவிழாவில் பெட்டிக்குள் பொம்மைகளை அடுக்கிக் கதை சொல்லிப் பிழைத்துவந்த மாதையனின் பிழைப்பை நான் கெடுத்தேன். இந்த மாசியில் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

காலை எட்டரைக்கு மொரப்பூரில் ரயிலிறங்கினேன். அங்கிருந்து அரூர் வழியாக இரண்டு பேருந்து, முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. வழியெல்லாம் மரவள்ளியும் புளியமரமும். கோயிலுக்கா என்று நடத்துனர் கேட்டார். ஒருவரைப் பார்க்க என்றேன்.

"அப்ப மலையேற வேணாம், தப்பிச்சீங்க."

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நாட்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவர்மேல் எனக்குப் பைத்தியம். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் பையனாகத் தொடங்கிப் பத்திரிகையாளரானவர். ஊர் ஊராக மெழுகுப்பொம்மை காட்டும் படிக்காதவன் ஒருவனைக் கற்பனை செய்து, அவனே பிழையும் பீற்றலுமாகக் கடிதம் எழுதுவதுபோல் எழுதினார். பிறகு மேடையேறினார். முகத்தில் சிரிப்பே காட்டாமல் பேசி அரங்கைச் சிரிக்கவைத்தார். இளம் வயதிலேயே, அயல்நாட்டுப் பயணத்தில், நோயால் இறந்தார்.

அவரைப் போல நானும் ஒரு வாரப்பத்திரிகையில் எழுதினேன். கற்பனை ஆள் இருக்கவேண்டிய இடத்தில் மாதையனைப் பெயரோடும் ஊரோடும் வைத்தேன். அவரிடம் இருப்பது ஒரே பொம்மை. தலைப்பாகை வைத்தால் ராஜா, கழற்றினால் திருடன் என்று எழுதினேன். உண்மையில் பெட்டி நிறையப் பொம்மை இருந்தது. அடுத்த திருவிழாவில் அவரைப் பார்த்து 'ஒத்தபொம்ம' என்று கூவினார்களே தவிர, காசு கொடுத்துப் பார்க்க ஆளில்லை. பெட்டியை விற்றுவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அமெரிக்கர் கேலி செய்தது இல்லாத ஒருவனை.

பத்தரை மணிக்கு அடிவாரத்தில் இறங்கினேன். மாதையன் இப்போது அங்கே டீக்கடை வைத்திருக்கிறார். டீ பன்னிரண்டு ரூபாய். பெஞ்சில் இளைஞர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் அவர் பாய்லரை விட்டு நகராமலே, "சரிங்க சார், டீ குடிங்க" என்றார்.

எனக்கு அது போதவில்லை. ஊரறியச் செய்த தவறை ஊரறியச் சொல்லவேண்டும் என்று எழுந்து நின்றேன்.

"வேணாங்க" என்றார். அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். தவறு இன்னதென்று விளங்கவேண்டுமே என்று தலைப்பாகைக் கதையையும் 'ஒத்தபொம்ம' என்ற பட்டப்பெயரையும் சொன்னேன். ஒருவன் வாயைப் பொத்தினான். பிறகு கடையே சிரித்தது. நான் முகத்தை இறுக்க இறுக்கச் சிரிப்பு கூடியது.

மாதையன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பேரு தெரிஞ்சவங்க எல்லாம் செத்துட்டாங்க சார். நானும் நீங்களுந்தான் மிச்சம் இருந்தோம்."

டீக்குக் காசு வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையும் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும்போது கடையிலிருந்து ஒரு குரல், பிரியமாகத்தான், கேட்டது:

"ஒத்தபொம்ம தாத்தா, இன்னொரு டீ."