லேப்டாப் மேல் போட்ட பழி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வாப்பாவுக்கு என்னைவிடச் சீக்கிரம் வரும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சாமான் மக்கர் செய்தால் அதற்கு இரண்டு பேரிடமிருந்தும் ஏச்சு விழும். மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் நான் வாங்கிய லேப்டாப் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

வாப்பா தாராவியில் தோல் பை தைக்கிற கார்கானா வைத்திருக்கிறார். கீழே தையல் மிஷின்கள், இரும்பு ஏணியில் ஏறினால் மேலே நாங்கள். அவர் கையால் தைத்துப் போன பைகளில் பாதிக்கு மேல் லேப்டாப் பைதான். ஒரு லேப்டாப்பைக்கூட அவர் திறந்து தட்டியதில்லை. ஆனாலும் அதைப் பற்றித் தனக்குத் தெரியாத சங்கதி இல்லை என்பது அவர் நினைப்பு. எல்லாம் பையை வைத்துச் சொல்வதுதான்.

"மொதல்ல பக்கப் பட்டி நாலு விரல் வச்சேன். சார்ஜருக்கு ஒரு அறை, மவுசுக்கு ஒரு அறை, சிடிக்கு ஒரு அறை. இப்பம் ஒரு விரல் வச்சாலே உள்ள கெடந்து லொடலொடங்குது. வெல மட்டும் வருசா வருசம் ஏறுதுலா? அப்பம் சாமான் எங்க போச்சு? அதச் சொல்லு மொதல்ல" என்பார்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. என்னிடம் முன்பு இருந்தது யாரோ ஒருவர் உபயோகித்துவிட்டு விற்ற தடித்த லேப்டாப். கீல் உடைந்தது, மாற்றினேன். பேட்டரி செத்தது, புதிது போட்டேன். வேகம் குறைந்தது, பின்னால் திருகைக் கழற்றி மெமரி கூட்டினேன். தரையில் இரண்டு தடவை விழுந்து எழுந்து உட்கார்ந்தது. புதிதாக வந்ததிலோ எதையும் கழற்ற முடியாது, எதையும் கூட்ட முடியாது. எல்லாம் உள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். பென்டிரைவ் சொருகக்கூட ஒரு துண்டு தனியாக வாங்க வேண்டும். இவ்வளவு கொட்டிக் கொடுத்து இந்தக் கோலமா என்று எனக்கே வயிறு எரிந்தது.

இருந்தும் ஏன் வாங்கினேன்? வேலைக்காக. ஊர்ப்பக்கத்திலிருந்து பெரிய வைத்தியத்துக்கு மும்பை வருகிறவர்களுக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. டாக்டர் சொல்வதை வீடியோவில் உட்கார்ந்து அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். செம்பூரில் ஒரு சின்ன நிறுவனம் அந்த வேலைக்கு என்னை எடுத்திருந்தது. மூன்று மாதம் சோதனை. அதில் தேறினால் வேலை நிரந்தரம். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் கேமரா தெளிவாக இருக்க வேண்டும், பின்னால் சத்தம் கேட்கக் கூடாது. கீழே மிஷின் ஓடுகிற வீட்டில் சத்தம் கேட்கக் கூடாதென்றால் எங்கே போவது? அந்த விலையுயர்ந்த லேப்டாப்பின் மைக் மட்டும்தான் மிஷின் சத்தத்தை வடிகட்டி என் குரலை மட்டும் அனுப்பியது. கையிலிருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டு வாங்கிவிட்டேன்.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதுவரை கால் சென்டரிலும் கடைகளிலும் தொண்டை வற்ற நான் பேசியது எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை. இங்கே நான் ஒரு வாக்கியம் சொன்னால் திரையில் ஒரு முகம் தெளியும். உம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் "எம்மவ டாக்டருக்கே பேசிக் குடுக்கா" என்று சொல்லித் திரிந்தாள். நான் அதைத் தடுக்கவில்லை.

மேலே மேஜை போட இடம் கிடையாது. பாயில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துத்தான் வேலை. அரை மணி நேரத்தில் அதன் அடிப்பகுதி தோசைக்கல் மாதிரி காயும். "தொடை வெந்து போச்சு" என்று ஒருநாள் கத்தினேன். வாப்பா ஏறி வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அளவெடுத்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டு நாள் கழித்து ஓர் உறை கொண்டுவந்தார். மெல்லிய தோல், உள்ளே மெத்தென்ற துணி. மூடினால் பை, விரித்தால் மடியில் போட்டுக்கொள்ளும் விரிப்பு. சொருகும் துண்டுக்கென்று ஓரத்தில் குட்டியாக ஓர் அறைகூட வைத்திருந்தார். மூடியை மடக்கினால் தானாகவே 'டப்'பென்று ஒட்டிக்கொண்டது. வெளியே ஒரு பட்டனும் தெரியவில்லை.

"எப்படி வாப்பா ஒட்டுது?"

"மேக்னட்டு. தோலுக்கு உள்ள வச்சுத் தச்சுட்டேன். அவனுவ திருகாணிய ஒளிச்சு வச்சிருக்கானுவள்லா? நான் பட்டன ஒளிச்சு வச்சிருக்கேன்." சிரித்தார். அவர் புது மாதிரி ஒன்று வெட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது. லேப்டாப் மெலிய மெலியப் பை வாங்குகிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அதற்கு மறுவாரம் தொல்லை ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது திரை சட்டென்று இருண்டுவிடும். அணைந்த மாதிரி இருக்கும், ஆனால் அணைந்திருக்காது. தட்டி எழுப்பி, பாஸ்வேர்டு போட்டு, மறுபடி அழைப்புக்குள் நுழைவதற்குள் அங்கே எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் தூத்துக்குடிப் பக்கத்து அம்மா ஒருத்தி. கட்டி இருக்கிறது, ஆனால் வேறெங்கும் பரவவில்லை என்றார் டாக்டர். "கட்டி இருக்கும்மா, ஆனா..." என்றேன். திரை இருண்டது. நான் திரும்ப உள்ளே போனபோது அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மிச்சத்தைச் சொன்ன பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

செம்பூர் ஆபீசிலிருந்து மேடம் போன் செய்தார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், கடிந்து பேசத் தெரியாதவர். "ஒன் தமிழ் பேஷண்டுக்கெல்லாம் ரொம்ப நன்னாப் புரியறதும்மா. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா நடுவுல நடுவுல காணாமப் போயிடறியே, நான் என்ன பதில் சொல்றது? இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா என் கையில இல்ல, பார்த்துக்கோ."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சயானில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். வாப்பாவும் கூடவே வந்தார். அவர்கள் மேஜையில் வைத்து நாள் முழுக்க ஓடவிட்டார்கள். ஒரு தடவைகூட இருளவில்லை. "மிஷின் ஏக்தம் டீக் ஹை", ஒரு கோளாறும் இல்லை என்றாள் கவுண்டரில் இருந்த பெண். வேண்டுமானால் உள்ளே இருக்கிற போர்டையே மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அந்தச் செலவுக்குப் பாதி லேப்டாப் வாங்கிவிடலாம் என்றாள். கழற்றிப் பார்க்க முடியாத சாமானுக்கு எதற்குக் கடை திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று வாப்பா தன்னுடைய பம்பாய் இந்தியில் ஒரு பிடி பிடித்தார். நான் தடுக்கவில்லை. மனதுக்குள் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மடியில் வைத்தேன். இரண்டாவது அழைப்பிலேயே இருண்டது. போயிற்று. சாயங்காலம் மேடம் போன் செய்து, ரொம்பச் சங்கடத்தோடு, நாளையிலிருந்து அழைப்புக்கு வர வேண்டாம் என்றார். மூன்று மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. உம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். வாப்பா கீழே நின்று கல்லிச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அந்த லேப்டாப் கம்பெனியைக் கிழித்துத் தோரணம் கட்டினார். "ஏமாத்துக்காரப் பயலுவ! ஒரு புள்ளையோட பொழப்பக் கெடுத்துட்டானுவளே!"

அதற்குப் பிறகு ஒரு பகலில், உம்மா துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள், "ஏட்டி, ஊசிய எங்கயோ போட்டுட்டேன், காலுல குத்திரப் போவுது, பாரு" என்றாள். பாயெல்லாம் தடவினேன். ஊசி என் உறையின் மடிப்பில் நட்டக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது. எடுத்தேன். விட்டேன். மறுபடி போய் ஒட்டிக்கொண்டது.

என்னவோ தோன்றியது. லேப்டாப்பைத் திறந்து, உறையின் அந்த மடிப்பை அடியில் கொடுத்து, இடது கை ஊன்றுகிற இடத்துக்கு நேர் கீழே நகர்த்தினேன். திரை இருண்டது. விலக்கினேன். தட்டியதும் வெளிச்சம் வந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி இருண்டது. நெட்டில் தேடிப் படித்தேன், லேப்டாப் மூடியிலும் ஒரு காந்தம் இருக்கிறதாம். மூடி இறங்கினால் அதை வைத்துத்தான் லேப்டாப் தூங்கப் போகிறது. அடியிலிருந்து வேறொரு காந்தம் வந்தாலும் அதற்குத் தெரியாது, மூடிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொள்ளும். பேசும்போது கையை ஆட்டுவது என் பழக்கம். மடி அசையும், உறை நகரும். சர்வீஸ் சென்டர் மேஜையில் உறை கிடையாது.

யா அல்லாஹ் என்றேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். உறையை அலமாரியில் போட்டு மூடினால் தீர்ந்தது. ஆனால் கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர் அந்த உறையைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்திருந்தார், வாப்பா அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை பேர் மடிக்கு அது போகும்? எத்தனை பேர் பேச்சு பாதியில் நிற்கும்? இறங்கிப் போனேன்.

வெட்டுப் பலகையில் லேப்டாப்பை வைத்து, உறையை அடியில் நகர்த்திக் காட்டினேன். வாப்பா மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு என் கையை விலக்கிவிட்டு அவரே ஒரு தடவை செய்தார். இருண்டது. இன்னொரு தடவை செய்தார். நான், "யாருக்கு வாப்பா தெரியும்? சர்வீஸ்காரனுக்கே தெரியல" என்றேன். அவர் தலையை ஆட்டினார். தைத்து முடித்திருந்த உறைகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் தையலைப் பிரித்துக் காந்தத்தை எடுக்க ஆரம்பித்தார். நான் உதவ உட்கார்ந்தேன். வேண்டாம், மேலே போ என்றார்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பினார். பட்டன் வாங்கப் போகிறாராம்.

மத்தியானம் மேடம் போன் செய்தார். "ஒங்க அப்பா இங்க வந்திருந்தார்மா. இப்பத்தான் கிளம்பினார். அந்த உறையையும் கொண்டுவந்து, இங்க இருந்த லேப்டாப்புல வச்சு எல்லார் எதிரிலயும் செஞ்சு காட்டினார். 'எம்புள்ள மேல தப்பில்ல, எல்லாம் நான் செஞ்சது, வேணும்னா எழுதித் தாரேன், அவளுக்கு வேலயத் திருப்பிக் குடுங்க'ன்னு நின்னுண்டே இருந்தார். உக்காருங்கோன்னாக்கூட உக்காரல. நான் என்னம்மா பண்ணுவேன்? அந்த எடத்துக்கு வேற பொண்ணு வந்தாச்சே."

போனை வைத்துவிட்டு அழுதேன். கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வாப்பா சாயங்காலம் வந்தார். ஏணியில் ஏறி வந்து, செருப்பைக் கழற்றி, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். "பட்டன் வாங்கப் போயிருந்தேன்மா. கெடைக்கல" என்றார். எங்கள் கல்லி முனையிலேயே பட்டன் கிடைக்கும். மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

"போவட்டும் வாப்பா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏச ஆரம்பித்தேன். தண்டச் சாமான், வெந்து தொலைக்கிற சாமான், கழற்ற முடியாத சாமான், இதைப் போய் வாங்கினேனே என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். வழக்கமாக இந்த இடத்தில் வாப்பா கூடச் சேர்ந்துகொள்வார்.

அன்று சேரவில்லை. "அத ஏசாதம்மா. அது மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார்.

"இருக்கு வாப்பா. எல்லாக் குத்தமும் அது மேலதான் இருக்கு" என்றேன்.