ஷூவோடு பொருத்திய கால்

பாட்டம்பாங் பக்கத்துக் காட்டில் மூங்கில் வெட்டப் போன கோசல், வலது காலை முழங்காலுக்குக் கீழே கண்ணிவெடிக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். பதினோரு வருடம் ரப்பர் பாதத்தோடு காலம் தள்ளினான். அந்தப் பாதத்தில் கணுக்கால் அசையாது, வெறும் கட்டை. மேடு கண்டால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் ஏறுவான். ஊர் சிரிக்கும். ஊருக்கென்ன, அதற்கு இரண்டு காலும் இருக்கிறதே!

இந்த லட்சணத்தில் அவனுக்குச் சொக்லின் மேல் கொள்ளை ஆசை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அம்மா யின்தான் குறுக்கே நின்றாள்.

"நிச்சயத்தன்னைக்கு ரெண்டு கையாலயும் பழத்தட்ட ஏந்திக்கிட்டு, தடி இல்லாம என் வீட்டுப் படி ஏறட்டும். ஏறிட்டான்னா பொண்ணு அவனுக்கு. நொண்டிக்குத் தோள் குடுக்கவா நான் பெத்து வளர்த்தேன்?"

ஒன்பது படி. கோசல் செயற்கைக்கால் நிலையத்துக்கு ஓடினான். கணுக்கால் அசைகிற புதுப் பாதம் அப்போதுதான் வந்திருந்தது. கால் பொருத்துகிற மெங் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"தினமும் எதப் போட்டு நடப்பீங்கண்ணே? குதிகால் உயரத்துக்குத் தக்கனதான் கணுக்கால முடுக்கணும்."

வெறுங்காலோடு போனால் மதிக்கமாட்டார்கள் என்று, வாத்தியாரிடம் இரவல் வாங்கிய குதி உயர்ந்த ஷூவை மாட்டிக்கொண்டு போயிருந்தான் கோசல். செருப்புக்கே வழியில்லாதவன் என்று சொல்ல நாக்கு கூசியது.

"வருசம் பூரா இந்த ஷூதான்."

மெங் நம்பி முடுக்கினான். பத்து நாள் அதே ஷூவோடு மேடு பள்ளமெல்லாம் ராஜா மாதிரி நடந்து பார்த்தான் கோசல். வீட்டுக்குள் போகும்போது காலையே கழற்றி வைத்துவிடுவதால் பாவிக்கு விஷயம் உறைக்கவேயில்லை.

நிச்சயத்தன்று மேளம் முழங்க யின் வீட்டுப் படியடிக்குப் போனார்கள். முன்னால் நின்ற பெரியவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். அவனும் ஷூவைக் கழற்றினான். ஷூவோடு வீடேற அவன் என்ன வெள்ளைக்காரனா? குதிகால் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பது போலிருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

மூன்று படி ஏறினான். நாலாவதில் முழங்கால் பின்னுக்குத் தள்ள, தட்டோடு மல்லாந்து விழுந்தான். ரம்புத்தான் பழங்கள் கோழிகளுக்கு நடுவே உருண்டன. மேலே சொக்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யின் அவனைப் பார்க்கவேயில்லை. அவனுக்குப் பின்னால் தட்டேந்தி நின்றவனைப் பார்த்தாள்.

"அது யாரு?"

"இவன் தம்பி, விரக்," என்றார் தரகர்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"ஆக்கின சோறு ஏன் வீணாப் போகணும்? நீ ஏறி வாப்பா."

விரக் அண்ணனைப் பார்த்தான். மேலே நின்ற சொக்லினைப் பார்த்தான். தட்டு சாயாமல் செருப்பை உதறினான்.

"கொஞ்சம் நகந்துக்கண்ணே," என்றான்.